சைரன் ஊதியதும் யார் உள்ளே போகிறார்கள்?

(செங்கல்பட்டில் நடந்த வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘விளையாட்டும் சாதியும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேச யாரை அழைத்தாலும் ஒரு பட்டியல் வாசிப்பார்கள். இந்திய அணியில் தலித்துகள் எத்தனை பேர், பழங்குடிகள் எத்தனை பேர், பார்ப்பனர்கள் எத்தனை பேர் என்று. அது வாசிக்க வேண்டிய பட்டியல்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு ஆடுகிறவர்களைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, ஆடுகளத்தைத் துடைக்கிறவர்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். குறிப்பாக, மழை நாளில் அவர்கள் செய்கிற வேலையைப் பற்றி. அதிலும் கோல்ஃப் மைதானத்தில் செய்கிற வேலையைப் பற்றி.

கோல்ஃப் என்றதும் பின்வரிசையில் சிரிப்பு கேட்கிறது. நமக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்கள். ஈசிஆர், ஓஎம்ஆர் இரண்டு சாலைகளிலும் விடியற்காலையில் நின்று பாருங்கள். திருக்கழுக்குன்றம், செய்யூர், மதுராந்தகம் பக்கத்திலிருந்து வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ரிசார்ட்டுக்கு, கல்யாண மண்டபத்துக்கு, கண்காட்சிக்கு, போட்டிகளுக்கு. எங்கே போகிறோம் என்பது பல நேரம் வேனில் ஏறிய பிறகுதான் தெரியும். அப்படி ஒரு வேனில் ஏறிப்போனதில்தான் எனக்கும் கோல்ஃபுக்கும் சம்பந்தம் வந்தது.

எம்.ஏ. முடித்துவிட்டு முனைவர் பட்டப் பதிவுக்குக் காத்திருந்த மாதங்கள் அவை. உதவித்தொகை கிடையாது. எங்கள் பகுதி மேஸ்திரி ஒருவர், ஒரு வார வேலை, சாப்பாடு போட்டு நாள்கூலி என்று இரண்டு வேன் ஆள் சேர்த்தார். தென்னிந்திய நகரம் ஒன்றில் ஒரு தொழில்முறை கோல்ஃப் போட்டி. ஊர் பெயரும் கிளப் பெயரும் வேண்டாம். அது எல்லா இடத்திலும் நடப்பதுதான்.

கோல்ஃப் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஒரு தொழில்முறைப் போட்டி பொதுவாக நான்கு நாள் நடக்கும். ஒரு நாளைக்கு 18 குழி, மொத்தம் 72. ஒவ்வொரு குழியைச் சுற்றியும் ‘கிரீன்’ என்ற புல்தரை இருக்கும். புல்லை மூன்று, நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைத்திருப்பார்கள். ஜமுக்காளம் மாதிரி இருக்கும். குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். அந்தக் குழி தினமும் இடம் மாறும். பழைய குழியை அடைத்து, புதிய குழி வெட்டி, இரவுப் பனியைத் துடைத்து, புல் வெட்டி, மணல் குழிகளை வாரி முடித்திருக்க வேண்டும், முதல் ஆட்டக்காரர் வருவதற்குள். அதனால் எங்களுக்குக் காலை நான்கு மணிக்கே வேலை. தொலைக்காட்சியில் பச்சைப் பசேலென்று தெரியும்போது நாங்கள் மரத்துக்குப் பின்னால் இருப்போம். ஆட்டக்காரர் அடிக்கும்போது கண்ணில் படக்கூடாது, அசையக்கூடாது என்பது முதல் நாளே சொல்லித்தந்த பாடம்.

இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்தது, போட்டி முடியும்வரை.

மழையில் கோல்ஃப் மைதானம் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மணல் குழிகளின் ஓரம் சரிந்து விழும். சேறு கலந்த மணலைத் தனியாக அள்ளிப்போட்டு, நல்ல மணலை மண்வெட்டியால் மேலே ஏற்ற வேண்டும். ஏற்றி முடிக்கும்போது அடுத்த மழை வரும். கிரீனில் தேங்கின தண்ணீரை ரப்பர் வைத்த வைப்பர் கட்டையால் தள்ள வேண்டும். வேகமாகத் தள்ளினால் புல் பெயர்ந்துவிடும். மெதுவாகத் தள்ளினால் தண்ணீர் திரும்பி வந்துவிடும். இந்த வேலையை எங்களில் யார் சரியாகச் செய்தார்கள் தெரியுமா? நாற்று நட்டும் களை பறித்தும் பழகிய பெண்கள். தண்ணீர் எங்கே நிற்கும், மடையை எங்கே திறந்தால் வடியும் என்று பார்த்தே சொன்னார்கள். ஒரு குழிக்குப் பக்கத்தில் வடிகால் அடைத்துக்கொண்டது. மேற்பார்வையாளர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறார். செய்யூர் பக்கத்து அக்கா ஒருவர் புல்லின் மேல் காலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, “இங்க தோண்டு தம்பி, உள்ள கொளகொளன்னு இருக்குது” என்றார். அங்கேதான் இருந்தது. மேற்பார்வையாளர் அவருடைய பெயரைக் கேட்கவில்லை. வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வேலை பிரித்ததையும் சொல்ல வேண்டும். முதல் நாள் வேனிலிருந்து இறங்கியதும் மேஸ்திரி ஒவ்வொருவரையும் “எந்த ஊரு?” என்று கேட்டார். ஊரைச் சொன்னதும் அடுத்த கேள்வி, “ஊரா, காலனியா?” இந்த அறையில் இருக்கிற பாதிப் பேருக்கு இந்தக் கேள்வியைப் பொழிப்புரை சொல்லத் தேவையில்லை. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்திலேயே, அரசு ஆவணங்களில் ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவோம் என்று அறிவித்தார். நல்லது. ஆவணத்திலிருந்து நீக்கலாம், மேஸ்திரியின் வாயிலிருந்து எப்படி நீக்குவது? ஊர் என்று சொன்ன பையன்கள் தண்ணீர் பாட்டில், கூடாரம், வண்டி நிறுத்துமிடம். காலனி என்று சொன்னவர்கள் சேறு, வடிகால், நடமாடும் கழிப்பறை. எங்கும் எழுதி ஒட்டவில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. மேஸ்திரி கெட்டவரும் இல்லை, அவரும் கமிஷனுக்கு ஓடுகிறவர்தான். வேலை தானாகவே பிரிந்துகொண்டது. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதைப் போல இயல்பாக நடந்ததாக எல்லோரும் நடந்துகொண்டார்கள். சாதி மிகச் சுலபமாக வேலை செய்கிற இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ‘இந்த வேலைக்கு இவர்கள் பழகியவர்கள்’ என்ற ஒரு சொல்லில் அது முடிந்துவிடுகிறது.

இப்போது சைரனுக்கு வருகிறேன். கோல்ஃபில் மின்னல் அபாயம் அதிகம், திறந்தவெளி, கையில் உலோகக் கம்பு. அதனால் சைரன் விதி இருக்கிறது. ஒரே நீண்ட ஊதல் என்றால் ஆட்டத்தை உடனே நிறுத்திவிட்டு உள்ளே போக வேண்டும். மூன்று ஊதல் என்றாலும் நிறுத்தம், ஆனால் உடனடி ஆபத்து இல்லை. இரண்டு குட்டை ஊதல் என்றால் மறுபடி தொடங்கலாம். உலகம் முழுவதும் நடைமுறையில் இருக்கும் நல்ல ஏற்பாடு. நீண்ட ஊதல் கேட்டதும் ஆட்டக்காரர்கள் கிளப் கட்டடத்துக்குப் போனார்கள். அதிகாரிகள் போனார்கள். பார்வையாளர்கள் போனார்கள். நாங்கள் மரத்துக்குப் பின்னாலிருந்து மைதானத்துக்குள் ஓடினோம். ஆட்டம் நின்ற நேரம்தான் எங்களுக்கு வேலை நேரம். பம்பு நிற்கக்கூடாது. கேடிகள், அதாவது ஆட்டக்காரரின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவர்கள், கட்டடத்துக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் நின்றார்கள். அன்றைக்குச் செய்யூர் அக்கா சொன்னதுதான் இந்த உரைக்கே தலைப்பு கொடுத்தது. “ஊதுனா அவுங்களுக்கு லீவு, நமக்கு டூட்டி.”

இது வேடிக்கை அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் இயற்கைச் சீற்றங்களால் 8,060 பேர் இறந்தார்கள். அதில் 2,887 பேர் மின்னலால் மட்டும். புயல், வெள்ளம், வெயில் எல்லாவற்றையும்விட அதிகம். திறந்த வெளியில் நின்று வேலை செய்தே ஆக வேண்டியவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்தால், வயலிலும் மேய்ச்சலிலும் கூலி வேலையிலும் இருப்பவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்தால், அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கிற முகங்கள் தெரியும்.

கூலிக்கு வருகிறேன். ஒரு நாள் முழுக்க ஒரு பந்துகூட அடிக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் எங்களுக்கு மிக அதிக வேலை, காலை நான்கிலிருந்து இரவு வரை. கடைசி நாள் கணக்குப் பார்க்கும்போது அந்த நாளுக்குக் கூலி பிடித்துவிட்டார்கள். காரணம் கேட்டால், “அன்னிக்கு மேட்ச் நடக்கலையே.” ஆட்டம் சுருங்கினால் கோல்ஃபில் வழி இருக்கிறது. 72 குழிக்குப் பதில் 54 குழியோடு முடித்து வெற்றியாளரை அறிவிக்கலாம், பரிசு உண்டு. போட்டி ரத்தானால் அமைப்பாளருக்குக் காப்பீடு உண்டு. மழையால் வரும் நட்டத்தை யார் தலையில் கட்டுவது என்று எல்லோருக்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளி என்று பெயரிலேயே ஒப்பந்தம் வைத்திருக்கிற எங்களுக்குத்தான் ஒப்பந்தம் இல்லை.

இங்கே கொஞ்சம் கடல் தாண்டிப் போவோம். மழை, கோல்ஃப், உள்ளே, வெளியே என்ற இந்த நான்கு சொற்களும் ஒரே புகைப்படத்தில் இருக்கின்றன. எடுத்த இடம் தென்னாப்பிரிக்காவின் டர்பன். ஆண்டு 1963.

நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல், ‘ட்ரூரோ’, 1860இல் சென்னையிலிருந்துதான் புறப்பட்டது. அப்படிக் கரும்புத் தோட்டத்துக்குப் போன இந்தியக் கூலிகளின் வழிவந்தவர் பப்வா சேவ்கோலம். பள்ளிக்கூடம் போகாதவர். சிறுவயதிலேயே கேடி. வெள்ளைக்காரர்களின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து, பார்த்துப் பார்த்தே ஆட்டம் கற்றவர். யாரும் கற்றுக்கொடுக்காததால் கம்பைப் பிடிப்பதே தலைகீழ். வலது கை ஆட்டக்காரர்கள் வலது கையைக் கீழே வைப்பார்கள், இவர் இடது கையைக் கீழே வைப்பார். அந்தப் பிடியோடு 1959இல் டச்சு ஓப்பன் வென்றார். அடுத்த ஆண்டும் வென்றார். 1964இல் இன்னொரு முறை. ஆனால் சொந்த ஊரில் வெள்ளையரோடு ஆட அனுமதி கிடைப்பதே பெரும்பாடு.

1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பன். அனுமதி கிடைத்தது, ஆடினார், ஜெயித்தார். பரிசு கொடுக்கிற நேரத்தில் மழை. வெள்ளையர் எல்லோரும் கிளப் கட்டடத்துக்குள். இனவொதுக்கல் நாட்டில் இந்தியர் ஒருவர் அந்தக் கட்டடத்துக்குள் நுழைய முடியாது. அதனால் போட்டியை வென்றவரை வெளியே மழையில் நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. தென்னாப்பிரிக்காவை விளையாட்டு உலகிலிருந்து தள்ளிவைக்கும் இயக்கத்துக்கு அது ஒரு சாட்சியாக ஆனது. 1965இல் அதே நேட்டால் ஓப்பனில், உலகப் புகழ்பெற்ற கேரி பிளேயரையே தோற்கடித்தார் பப்வா. அதன்பிறகு அவரை ஆடவிடவில்லை. போட்டிகளில் தடை வந்தது. 1978இல் வறுமையில் செத்துப்போனார்.

இந்தப் படத்தைக் காட்டினால் நம் ஊரில் எல்லோரும் ‘அடடா, நிறவெறி’ என்பார்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகம். பப்வா கேடியாகவே இருந்திருந்தால், அன்று அதே மழையில், அதே கட்டடத்துக்கு வெளியே, பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். யாரும் படம் எடுத்திருக்க மாட்டார்கள். ஜெயித்ததால்தான் அவர் வெளியே நிற்பது கண்ணில் பட்டது. வெளியே நிற்பவர்கள் எப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

நம் நாட்டில் இந்தக் கதையின் முன்கதை உண்டு. உங்களுக்குத் தெரிந்த பெயர்தான், பல்வங்கர் பாலூ. சமர் சாதியில் பிறந்து, புனேவில் வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் கிளப்பில் மாதம் நான்கு ரூபாய்க்கு ஆடுகளத்தை உருட்டுவது, வலை கட்டுவது, கோடு போடுவது என்று வேலை பார்த்தவர். வெள்ளைக்கார ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து போட்டுப் போட்டே இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர் ஆனார். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறுக்கு மேல் விக்கெட் எடுத்தார். இந்துக்கள் அணிக்கு அவர் பந்து வேண்டும். ஆனால் தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடிக்க, பாலூவுக்கு வெளியே மண் குவளை. மைதானத்துக்குள் தொடலாம், ஒரே பந்தை மாற்றி மாற்றிப் பிடிக்கலாம். பெவிலியன் படியேறினால் தீட்டு. அவருடைய தம்பி விட்டல் 1923இல் அதே அணிக்குத் தலைவரானது, கேட்டுப் போராடி வாங்கியது.

பாலூவின் வரலாற்றை நாம் எப்போதும் ‘தலித் பந்துவீச்சாளர்’ என்றுதான் சொல்கிறோம். நான் அவரை ‘மைதானத் தொழிலாளி’ என்றும் சொல்ல விரும்புகிறேன். ஆடுகளத்தை உருட்டுகிறவனுக்குத் தெரியும், பந்து எங்கே குத்தினால் திரும்பும் என்று. செய்யூர் அக்காவின் காலுக்கு வடிகால் தெரிந்த மாதிரி. அந்த அறிவை அறிவு என்று எழுதிவைக்க நம்மிடம் ஒரு சொல்கூட இல்லை, ‘பழக்கம்’ என்று சொல்லிவிடுகிறோம்.

இதெல்லாம் அந்தக் காலம் என்பார்கள். கோல்ஃபில் கேடிகள் மேலே வந்திருக்கிறார்களே என்பார்கள். வந்திருக்கிறார்கள். டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பன் வென்றார், அந்தக் கோப்பையை வென்ற முதல் இந்தியர். பெங்களூரில் கேடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009இல் வென்றார். கொண்டாட வேண்டிய வெற்றிகள். ஆனால் 2017 ஜூனில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் என்ன நடந்தது? மேகாலயாவைச் சேர்ந்த காசி இனப் பெண் ஒருவர், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்பவர், தன் மரபு உடையில் விருந்தினராகச் சாப்பிட உட்கார்ந்தார். வேலைக்காரி மாதிரி உடுத்தியிருக்கிறாய் என்று எழுப்பி வெளியே போகச் சொன்னார்கள். நாடே பேசியது. அங்கே பிரச்சினை உடை அல்ல. வேலைக்காரி உட்காரலாமா என்பதுதான்.

நம் ஊரிலும் ஒரு உடைக் கதை உண்டு. 2014இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க கிளப்பில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் போட்டுவிட்டது, எந்த கிளப்பும் வேட்டியைத் தடுக்கக்கூடாது என்று. அந்தச் சட்டத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் பாருங்கள், உள்ளே போக வேண்டியவர் நீதிபதியாக இருந்தால் சட்டம் வர ஒரு மாதம் போதும். மழையில் நிற்கிற கேடிக்கு ஒரு கூரை வேண்டும் என்று எந்தச் சட்டமன்றமும் கவலைப்பட்டதில்லை.

சரி, நம் கடற்கரைக்கு வருவோம். 2022 ஜூலை, ஆகஸ்டில் 44வது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில், சரியாகச் சொன்னால் பூஞ்சேரியில் நடந்தது. ரஷ்யாவில் நடக்க வேண்டியது. நான்கே மாதத்தில் ஏற்பாடு செய்து 180க்கும் மேற்பட்ட நாடுகளை வரவழைத்தார்கள். நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கக் கட்டம் போட்டு வண்ணம் அடித்தார்கள். செஸ்ஸுக்குக் கூரை உண்டு, மழை பிரச்சினை இல்லை. ஆனால் பூஞ்சேரி என்ற பெயரை அதற்கு ஒன்பது மாதம் முன்பே நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். 2021 அக்டோபரில் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் பூஞ்சேரி நரிக்குறவர் பெண் ஒருவரை உட்கார விடாமல் துரத்தினார்கள். அவர் பேசிய காணொளி பரவியது. அமைச்சர் வந்து அவரோடு பந்தியில் உட்கார்ந்தார். நவம்பர் 4, தீபாவளியன்று முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சான்றிதழும் கொடுத்தார். அந்தப் பெண் கேட்டதால் நடந்தது அது. உலகத்துக்கே பந்தி விரித்த ஊரில், உள்ளூர்க்காரருக்குப் பந்தியில் இடம் கிடைக்க ஒரு காணொளி தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே நினைவில் வைப்போம்.

அதே கடற்கரையில் வேறு மாதிரி ஒன்றும் நடக்கிறது. அலைச்சறுக்கு. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்று நாட்டின் முன்னணி அலைச்சறுக்கு வீரர்கள். 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது, ரமேஷ் புதிஹால் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்தார். இந்த ஒரு விளையாட்டில், தண்ணீரை அறிந்தவர்களே ஆட்டக்காரர்களும் ஆனார்கள். கடலுக்கு மேல் யாரும் கிளப் கட்டடம் கட்ட முடியாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். (கடற்கரைக் குப்பத்துக்கும் சேரிக்கும் நடுவே இருக்கிற கோட்டை நான் மறக்கவில்லை. அதைத் தனியாக ஒரு கூட்டம் போட்டுப் பேச வேண்டும்.)

கட்டடம் நிலத்தில்தான் நிற்கிறது. மைதானம் என்பதும் நிலம்தான். சென்னை கிண்டியில் குதிரைப் பந்தய மைதானம், அதற்குள்ளேயே கோல்ஃப் மைதானம். 160 ஏக்கர். வெள்ளைக்காரன் காலத்தில் 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்தது. பந்தய கிளப் நீதிமன்றம் போனது. அரசு எடுத்தவுடன் செய்த முதல் வேலைகளில் ஒன்று, மழைநீர் தேங்குவதற்கு அங்கே குளம் வெட்டியது. வேளச்சேரிப் பக்கம் வெள்ளத்தில் மிதக்கும்போது, பக்கத்திலேயே பணக்காரர்களின் புல்தரை இத்தனை ஆண்டுகள் நனையாமல் காக்கப்பட்டது என்பதை அந்தக் குளங்கள் சொல்கின்றன.

இன்னொரு பக்கம் நம் மாவட்டம். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலம் கைமாறிப் போனதும், காரணையில் அதை மீட்கக் கிளம்பியதும், 1994 அக்டோபர் 10 அன்று இதே செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்ததும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிளப்புக்கு 614 ரூபாய்க்கு 160 ஏக்கர். பஞ்சமருக்குத் துப்பாக்கிக் குண்டு. மண்ணின் ஈரத்தைக் காலால் அறிந்த ஒரு பெண், தனக்கென்று அரைக்காணி இல்லாமல், இன்னொருவர் புல்தரையில் தண்ணீர் தள்ளிக்கொண்டிருந்ததற்கு இந்த வரலாறுதான் காரணம். அவர் வேலை தேடி வேனில் ஏறியது தற்செயல் அல்ல.

இப்போது சிலர் கேட்கலாம், மைதானத் தொழிலாளிகளை இப்போதெல்லாம் கவுரவிக்கிறார்களே என்று. உண்மை. 2023 செப்டம்பரில் இலங்கையில் ஆசியக் கோப்பை. மழை, மழை, மழை. கொழும்பு பிரேமதாச மைதானத்தில் ஆட்டத்தைவிட தார்ப்பாய் இழுப்பதைத்தான் அதிகம் பார்த்தோம். இறுதிப் போட்டியில் 21 ரன் கொடுத்து ஆறு விக்கெட் எடுத்த முகமது சிராஜ், தனக்குக் கிடைத்த ஆட்ட நாயகன் பரிசு 5,000 டாலரை அப்படியே மைதானத் தொழிலாளர்களுக்குக் கொடுத்தார். ஆட்டோ ஓட்டுநரின் மகன். அவர் செய்ததில் எனக்குத் துளியும் குறை இல்லை. ஆசிய கிரிக்கெட் கவுன்சிலும் இலங்கை வாரியமும் சேர்ந்து 50,000 டாலர் அறிவித்தன. 2024 ஐபிஎல் முடிந்ததும் நம் வாரியம் பத்து முக்கிய மைதானங்களின் தொழிலாளர்களுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் தலா 25 லட்சம் என்று அறிவித்தது.

சிராஜ் ஒரு தோழனாகக் கொடுத்தார். வாரியம் கொடுப்பது வேறு. முதலாளி நல்ல மனநிலையில் இருக்கும்போது கொடுப்பதற்குப் பெயர் இனாம். அறுவடை முடிந்ததும் களத்தில் சிந்தியதை வாரிக்கொள்ளச் சொல்லுவார்களே, நம் தாத்தாக்கள் காலத்தில், அதே இனாம். வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் மழை பெய்த நாளுக்குக் கூலி உண்டா என்ற கேள்விக்கு 25 லட்சம் பதில் ஆகாது.

சட்டத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. வேலைக்கு வந்த தொழிலாளிக்கு வேலை கொடுக்க முடியாமல் போனால், இயற்கைச் சீற்றமே காரணமானாலும், பாதிக் கூலியாவது தர வேண்டும் என்று தொழில் தகராறு சட்டம் சொன்னது. ஆனால் ஆலை, சுரங்கம், தோட்டம் என்று வரையறுத்தது. தற்காலிகத் தொழிலாளிகளை வெளியே நிறுத்தியது. குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்கான மசோதாவை 1946இல் கொண்டுவந்தவர் அன்றைய தொழிலாளர் துறை உறுப்பினர் பாபாசாகேப் அம்பேத்கர். அந்த மரபில் நின்று நாம் கேட்க வேண்டியது பெரிய புரட்சி எதுவும் இல்லை. ஆட்டம் நின்ற நாளுக்கும் கூலி. ஊதுகிற சைரன் எல்லோருக்கும், பம்பு பிடிப்பவருக்கும். ஓடி ஒதுங்க ஒரு கூரை, மாற்றுத் துணி மாற்ற ஓர் அறை, பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை. மேஸ்திரி ஏமாற்றினால் போட்டியை நடத்துகிறவர் பொறுப்பு. அரசுப் பணத்தில், அரசு நிலத்தில், அரசு பெயரில் நடக்கிற போட்டிகளில் இதை நிபந்தனையாக எழுத ஒரு கையெழுத்து போதும். மாமல்லபுரத்தை உலக விளையாட்டு நகரமாக்குவோம் என்று பேசுகிறவர்களிடம் முதலில் இந்தக் கையெழுத்தைக் கேட்போம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மாவட்டத்து ஒப்பந்தத் தொழிலாளிகளைப் பற்றித்தான் என் ஆய்வு. எந்தப் போட்டியை எடுத்தாலும் ஆட்டக்காரர் பெயர், மதிப்பெண், மழையால் ஆட்டம் நின்ற நிமிடம் எல்லாம் பதிவில் இருக்கிறது. தண்ணீர் தள்ளியவர் பெயர் எங்கும் இல்லை. இங்கே இருப்பவர்களில் யாராவது, அல்லது உங்கள் வீட்டில் அம்மா, அத்தை, அண்ணன் யாராவது, இப்படிப் போட்டி வேலைக்குப் போயிருந்தால், எந்த நாள், எத்தனை மணி நேரம், பேசிய கூலி எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு, மழை நாளுக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மேஸ்திரி கொடுத்த துண்டுச்சீட்டு இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், நகல் எடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறேன். எழுதத் தெரியாதவர்கள் என்றால் வீட்டுக்கே வருகிறேன், பேசட்டும், நான் எழுதிக்கொள்கிறேன். முன்வரிசையில் வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்தும் ஒரு மணி நேரம் இங்கேதான் இருப்பேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள் தோழர்களே.